ரயில்பூச்சி வீட்டுக்குள் வருகிறது, மருந்து அடிக்கலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: வடசென்னை கொடுங்கையூரில் தரைத்தள வாடகை வீடு. ஐப்பசி மழை பிடித்த நாளிலிருந்து பாத்ரூம் சுவரிலும் வாசற்படியிலும் செங்கல் நிறத்தில் ரயில்பூச்சி (மரவட்டை என்பதும் இதைத்தான்), கூட்டித் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கிறது. இரண்டரை வயதுப் பையன் ஒன்றைக் கையில் எடுத்து நசுக்கிவிட்டான், விரல் பழுப்பாகி நாலு நாளாகப் போகவில்லை. காதுக்குள் போனால் மூளையைத் தின்றுவிடும் என்று பக்கத்து வீட்டு அம்மா பயமுறுத்துகிறார். வீட்டு உரிமையாளர் மருந்து அடிக்க ஆள் கூப்பிடுகிறேன் என்கிறார். கடைசியில் கொஞ்சம் எரிச்சலோடு "இந்தப் பூச்சியால் யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்றும் ஒரு வரி. வரிசைக்கு நாலைந்து கேள்வி இருந்தாலும், அடியில் இருப்பது ஒன்றுதான், பையனுக்கு இதனால் ஏதாவது ஆகுமா என்பது. அதை முதலில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். நான் பெரம்பூர்க்காரன், கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன், மாணவர்களை வைத்துக்கொண்டு மண்ணில் இருக்கும் சின்ன உயிர்களைப் பல வருஷம் பார்த்தவன். டாக்டர் இல்லை, ஆகவே மருத்துவ விஷயத்தில் புத்தகத்தில் உறுதியாக இருப்பதை மட்டும் சொல்கிறேன்.

ரயில்பூச்சி கடிக்காது. கடிக்க அதற்குப் பல்லோ கொடுக்கோ விஷப்பையோ கிடையாது, வாயில் இருப்பதெல்லாம் மக்கிப்போன இலையைச் சுரண்டுவதற்கான அமைப்பு. அதன் தற்காப்பு இரண்டே: சுருண்டுகொள்வது, நெருக்கினால் உடம்பின் இரு பக்கமும் வரிசையாக இருக்கும் நுண்ணிய துளைகளிலிருந்து ஒரு திரவத்தை விடுவது. நீங்கள் சொல்லும் உருளை வடிவ வகையில் அந்தத் திரவம் பெரும்பாலும் பென்சோகுயினோன் என்ற வகை வேதிப்பொருள். அதுதான் தோலில் பட்டதும் டிங்சர் அயோடின் பட்ட மாதிரி மஞ்சளாகத் தொடங்கிப் பழுப்பாகிறது. கறை ஏறிய பிறகு தேய்த்தால் போகாது, தேங்காய் எண்ணெய், எலுமிச்சை எதற்கும் அசையாது, தோல் தானாக உதிர்ந்து மாறும்போதுதான் போகும். சிலருக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில்கூட நிற்கும். வலியோ வீக்கமோ கொப்புளமோ இல்லாமல் வெறும் நிறம் மட்டும் என்றால் விட்டுவிடலாம். அடுத்த முறை பட்ட உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், கறை குறைவாக ஏறும்.

பயப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அது கண். நசுக்கிய கையோடு பையன் கண்ணைக் கசக்கினால் நன்றாக எரியும், சிவந்து வீங்கும், கருவிழியில் புண் ஆகும் வாய்ப்பும் உண்டு. அப்படி நடந்தால் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம், ஓடும் தண்ணீரில் கண்ணைத் திறந்து வைத்துப் பதினைந்து இருபது நிமிஷம் கழுவிவிட்டு நேராகக் கண் டாக்டரிடம் போங்கள். உங்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை தூரமில்லை, 1819-இல் தொடங்கிய இடம், இதைவிட விநோதமான கேஸெல்லாம் பார்த்திருப்பார்கள். வாயில் போட்டுக்கொண்டால் வாயைக் கழுவி, எரிச்சலோ வாந்தியோ இருந்தால் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். காது விஷயம்: காதுத் துவாரம் செவிப்பறையோடு முடிந்துவிடுகிறது, அதைத் தாண்டி மூளைக்குப் போக வழியே இல்லை. எந்தச் சின்னப் பூச்சியும் தவறிக் காதில் நுழையலாம், அது வேறு. மூளையைத் தின்பது கதை. அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை, எங்கள் பாட்டியும் இதையேதான் சொன்னார்.

இந்தப் பயம் பாதிக்கு மேல் பூரானிடமிருந்து இதன் மேல் ஏறியது என்று நினைக்கிறேன். இரண்டும் ஒரே பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவை, இரண்டும் பூச்சி இனமும் அல்ல, ஆனால் பிழைப்பு நேர் எதிர். பூரான் தட்டையாக இருக்கும், ஒவ்வொரு உடல் கண்டத்துக்கும் ஒரு ஜோடிக் கால், கால்கள் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், விளக்கைப் போட்டதும் ஓடி மறையும். அதன் முதல் ஜோடிக் கால்தான் விஷக் கொடுக்காக மாறியிருக்கிறது, அதனால்தான் கடித்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது. அது வேட்டையாடும். ரயில்பூச்சி உருண்டையாக இருக்கும், கால் வயிற்றுக்கு அடியில் இருக்கும், அவசரப்படவே படாது, தொட்டால் சுருளும். பையனுக்கு இந்த வித்தியாசத்தைச் சொல்லிக் கொடுங்கள். இரண்டரை வயதுக்குப் புரியுமா என்றால், "ஓடுவதைத் தொடாதே" என்ற அளவுக்குப் புரியும்.

ஒரு தடவை, ஒன்றை முறத்தில் தள்ளி வெள்ளைத் தட்டில் விட்டுப் பாருங்கள். சுருளைப் பிரித்துக்கொண்டு கிளம்ப ஒரு நிமிஷம் ஆகும். முதலில் தலைக்குக் கீழிருந்து இரண்டு குட்டை உணர்கொம்பு வெளியே வரும், நடக்கும் நேரம் முழுக்க அவை தரையைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே போகும். பார்வை மங்கல், வெளிச்சம் இருட்டு தெரியும், அதற்கு மேல் அதிகமில்லை, உலகத்தை அது முகர்ந்தும் தொட்டும்தான் அறிகிறது. பிறகு கால்களைப் பாருங்கள். இடது வலது இரண்டும் ஒரே நேரத்தில் எழும், அந்த எழுச்சி வாலிலிருந்து தலைப்பக்கம் அலையாக ஓடும். ஒரு நேரத்தில் பெரும்பாலான கால்கள் தரையிலேயே ஊன்றியிருக்கும், தூக்கியிருப்பவை கொஞ்சம்தான். வேகத்துக்கு இது உதவாது, ஆனால் இறுகிய சருகுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு போக இந்த அமைப்புதான் தேவை. முதல் வளையத்தில் காலே கிடையாது, அடுத்த சில வளையங்களில் ஒரு ஜோடி, அதற்கப்புறம் வளையத்துக்கு இரண்டு ஜோடி. கருவில் தனித்தனியாக இருந்த இரண்டிரண்டு கண்டங்கள் ஒட்டி ஒரே வளையமானதால் வந்த கணக்கு இது. உங்கள் வீட்டில் இருப்பது மாதிரி ஒன்றுக்கு இருநூறுக்குச் சற்று முன்பின்னாகக் கால் இருக்கலாம். ஆயிரங்கால் என்று நாம் சொல்வது பேச்சுக்குத்தான் என்று வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தோம், 2021-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் 60 மீட்டர் ஆழத் துளையிலிருந்து எடுத்த ஒன்றுக்கு 1,306 கால் எண்ணிவிட்டார்கள். அதுவரை 750-தான் உச்சம்.

இன்னொன்றும் உங்கள் சுவரில் கண்ணில் பட்டிருக்கும், ஒன்றின் மேல் ஒன்று ஏறி அப்படியே நகர்ந்துகொண்டிருக்கும் ஜோடி. மேலே இருப்பது ஆண். அதற்கு ஏழாவது வளையத்தில் கால் இருக்க வேண்டிய இடத்தில் விந்தைப் பெண்ணுக்குச் செலுத்தும் கருவிகள் இருக்கும், வளையத்தின் உள்ளே மடங்கி இருப்பதால் சும்மா பார்த்தால் கால் இல்லாத ஒரு இடைவெளி மட்டும் தெரியும். ஆணா பெண்ணா என்று மாணவர்களைக் கண்டுபிடிக்கச் சொன்னால் திருப்பிப் போட்டு அந்த இடைவெளியைத் தேடுவார்கள், கைக்குக் கறை ஏறுவதும் அப்போதுதான். பெண் ஈரமண்ணில் முட்டையிடும். குஞ்சு வெளியே வரும்போது பெரும்பாலான இனங்களில் மூன்றே ஜோடிக் கால்தான், தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் வாலோரத்தில் வளையம் கூடும், காலும் கூடும். தோலுரித்த புதிதில் உடம்பு வெளுத்து மெத்தென்று இருக்கும், அந்த நேரத்தில் எறும்புகூட அதைக் கொன்றுவிடும் என்பதால் மண்ணுக்குள் ஒரு சின்ன அறை மாதிரி செய்துகொண்டு அடைந்து கிடக்கும். பல இனங்கள் உரித்த தோலையும் தின்றுவிடும், அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து வீணாகக் கூடாது.

அந்தச் சுண்ணாம்பில்தான் அடுத்த விஷயம் இருக்கிறது, ஏன் மழைக்கு வீட்டுக்குள் வருகிறது என்பது. இதன் ஓட்டில் கால்சியம் கார்பனேட் ஏற்றிக் கெட்டியாக்கி வைத்திருக்கிறது, சரி. ஆனால் கரப்பானுக்கு இருப்பது போல ஈரம் வெளியேறாமல் தடுக்கும் நல்ல மெழுகுப் பூச்சு இதற்கு இல்லை. சுவாசத் துளைகளையும் நன்றாக மூடிக்கொள்ள முடியாது. ஆகவே காய்ந்த இடத்தில் இதன் உடம்புத் தண்ணீர் வேகமாகப் போய்விடும், அதனால்தான் சித்திரை வைகாசியில் ஒன்றைக்கூடப் பார்க்க மாட்டீர்கள், கல்லுக்கும் வேருக்கும் அடியில் ஆழமாகப் போய்ச் சுருண்டு கிடக்கும். அதே துளைகள்தான் மழைக்காலத்தில் எதிர்ப்பக்கமாகத் தொந்தரவு கொடுக்கின்றன. வியாசர்பாடி, கொடுங்கையூர், தண்டையார்பேட்டையெல்லாம் மேடு பள்ளமே இல்லாத தாழ்வான நிலம். ஓட்டேரி நல்லா என்கிற ஓடையும் கேப்டன் காட்டன் கால்வாயும் நிரம்பினால் தெருத் தண்ணீர் எங்கேயும் போகாமல் நிற்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எல்லாரும் பட்டதுதான். மண்ணில் காற்று இருக்க வேண்டிய இடைவெளியெல்லாம் தண்ணீரால் நிரம்பிவிட்டால் உள்ளே இருப்பது மூச்சுத் திணறி மேலே வரும், கண்ணில் படும் செங்குத்தான எதன் மேலும் ஏறும். உங்கள் சுவர்தான் பக்கத்தில் இருக்கிறது.

இதுவரை சொன்னது உறுதி. சுவர் ஏறுவதற்கு வேறு காரணமும் உண்டா என்பதில் இவ்வளவு உறுதி இல்லை. ஈரச் சுவரில் பச்சையாகப் படரும் பாசியையும் பூஞ்சையையும் இவை சுரண்டித் தின்பது உண்மை, அதற்காகவே ஏறுகிறதா, ஏறிய இடத்தில் கிடைத்ததைத் தின்கிறதா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். மழைக்காலம் இவற்றுக்கு இனப்பெருக்கக் காலமும் ஆகையால் துணை தேடி அலைவதும் சேர்ந்திருக்கும். எதுவானாலும், சாக்கடைக் குழாய் வழியாகத்தான் வருகிறது என்று நீங்கள் நினைப்பது பெரும்பாலும் சரியாக இருக்காது. வெளியே சுவரோரம் இருக்கும் மண்ணிலிருந்து கதவிடுக்கு, குழாய் நுழையும் ஓட்டை, உடைந்த தரை ஓரம் வழியாக வரும், பாத்ரூமில் ஈரம் இருப்பதால் அங்கே தங்கும். ஹாலுக்குப் போனது காய்ந்து செத்துவிடும். கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது வெள்ளை வெள்ளையாக லேசான சுருள் கிடைத்தால் அதுதான், நிறம் போய்ச் சுண்ணாம்பு ஓடு மட்டும் மிச்சம். விரலால் அழுத்தினால் மாவாகிவிடும்.

இப்போது அந்தப் பிரயோஜனக் கேள்வி. உங்கள் தெருவில் தூங்குமூஞ்சி மரமோ புங்கமோ பூவரசோ இருந்தால் வருஷம் முழுக்க இலை கொட்டும். அந்த இலையை நேரடியாக மண்ணாக்க எந்த மரத்துக்கும் வழியில்லை. முதலில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறி அதைக் கொஞ்சம் மெத்தென்று ஆக்கும், அந்தப் பதத்தில்தான் ரயில்பூச்சி வாய் வைக்கும். பச்சை இலையும் புதுச் சருகும் அதற்கு அவ்வளவாகப் பிடிக்காது, பழைய சருகைத்தான் தேடித் தின்னும், அதிலும் கால்சியம் அதிகமுள்ள இலையை விரும்பும். தின்றதில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். மிச்சம் அத்தனையும் கடுகை விடச் சின்ன உருண்டைகளாக வெளியே வந்துவிடும். அந்த எச்சத்தில் இலைத்துண்டு பொடிப்பொடியாகி இருக்கும், ஈரம் பிடித்து நிற்கும், குடலில் இருந்த பாக்டீரியாவும் சேர்ந்து வந்திருக்கும். சில நாள் கழித்து அதே எச்சத்தைத் திரும்பத் தின்பதும் உண்டு, அதற்குள் பூஞ்சை வளர்ந்து சத்து கூடியிருக்கும். கேட்க அருவருப்பாக இருந்தாலும் சிக்கனமான ஏற்பாடு.

இலை நொறுங்குகிறது, நுண்ணுயிர் வேலை செய்யப் பரப்பு கூடுகிறது, கால்சியம் இலையிலிருந்து மண்ணுக்குத் திரும்புகிறது, இந்த மூன்றும் நிச்சயம். ரயில்பூச்சி எச்சம் அப்புறம் இலையை விட வேகமாக மக்குகிறதா என்று கேட்டால் ஆய்வுகள் ஒத்துப்போவதில்லை, எந்த மரத்து இலை என்பதைப் பொறுத்து மாறுகிறது. கடினமான, சத்துக் குறைந்த இலையில் வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, ஏற்கெனவே சீக்கிரம் மக்கும் இலையில் பெரிதாக இல்லை. சமூக ஊடகத்தில் "மரவட்டை இல்லாவிட்டால் மண்ணே செத்துவிடும்" என்று படம் போட்டுச் சுற்றுகிறது, நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். நம் மாதிரி வெப்பமான ஊரில் கரையான், மண்புழு, எறும்பு, பூஞ்சை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை இது, ரயில்பூச்சியின் பங்கு இடத்துக்கு இடம் கூடும் குறையும். அதோடு வெப்பமண்டல ரயில்பூச்சிகள் பல, குடலில் இருக்கும் நுண்ணுயிரால் மீத்தேன்கூட வெளியிடும், முழுக்கப் புண்ணியவான் என்று யாரையும் சொல்ல முடியாது பாருங்கள்.

ஆனால் இந்த வேலையை எவ்வளவு காலமாகச் செய்கிறது என்பது கேட்டாலே கொஞ்சம் மரியாதை வரும். ஸ்காட்லாந்தில் ஸ்டோன்ஹேவன் கடற்கரைப் பாறையில் மைக் நியூமன் என்ற பஸ் ஓட்டுநர், பொழுதுபோக்காகப் புதைபடிவம் தேடுபவர், ஒரு சென்டிமீட்டர் அளவுத் துண்டு ஒன்றை எடுத்தார். அதில் காற்றைச் சுவாசிக்கும் துளைகள் தெளிவாகத் தெரிந்தன. 2004-இல் அவர் பெயரையே வைத்து நியூமோடெஸ்மஸ் நியூமனி என்று அறிவித்தார்கள், நிலத்தில் காற்றைச் சுவாசித்ததாக நேரடிச் சான்று உள்ள மிகப் பழைய விலங்குகளில் ஒன்று. வயது 42 கோடியைத் தாண்டுமா 41 கோடியா என்று பாறையை வைத்து இன்னும் வாதாடுகிறார்கள், எப்படிப் பார்த்தாலும் 40 கோடி ஆண்டுக்கு மேல், டைனோசருக்கு வெகு முந்தி. பிற்பாடு நிலக்கரிக் காலத்தில் இதன் உறவான ஆர்த்ரோப்ளூரா இரண்டரை மீட்டர் நீளம் வரை வளர்ந்தது. அது உங்கள் பாத்ரூமுக்கு வந்திருந்தால் நானே மருந்து அடிக்கச் சொல்லியிருப்பேன்.

உங்கள் வீட்டில் இருப்பது எந்த இனம்? நீங்கள் அனுப்பிய படத்தில் தெரியும் செங்கல் நிறம், விரல் நீளத்துக்குக் குறைவான அளவு, ஊருக்குள் கூட்டமாக வருவது எல்லாம் சேர்த்துப் பார்த்தால் திரிகோனியுலஸ் கொரல்லினஸ் என்று ஊகிக்கிறேன். ஊகம் என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் ரயில்பூச்சியில் இனத்தை உறுதி செய்ய ஆணின் அந்த ஏழாவது வளையக் கருவியை எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும், போட்டோவை வைத்து அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். உலகத்தில் பெயர் வைத்திருப்பது மட்டுமே 12,000 இனத்துக்கு மேல். என் ஊகம் சரி என்றால், இது தென்கிழக்கு ஆசியப் பக்கத்திலிருந்து பூந்தொட்டி மண்ணோடு உலகம் சுற்றிய இனம், இன்று வெப்பமான நாடுகள் பலவற்றில் இருக்கிறது. பிரேசிலில் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராப்பா இதே இனத்தைத் தொட்டியில் விட்டு, காய்ந்த இலை தழைகளைக் கொடுத்து, நாற்று வளர்க்க உரம் தயாரிக்கும் முறையையே உருவாக்கியிருக்கிறது. மண்புழு உரம் மாதிரி ரயில்பூச்சி உரம். நம் பக்கமும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உருண்டையாகச் சுருளும் ஆர்த்ரோஸ்பேரா வகையை வைத்துக் கர்நாடகத்தில் இப்படி முயன்று பார்த்திருக்கிறார்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவது உங்கள் ஏரியாவை வைத்துத்தான். தெருவில் விழும் சருகை ஒரு பக்கம் மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றுகிறோம், அது போய்ச் சேர்வது கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு. இன்னொரு பக்கம் காலையில் தெருமுனையில் கொளுத்துகிறோம், புகையைப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். இரண்டும் இல்லாமல் மரத்தடியிலேயே ஒரு ஓரமாகக் குவித்தால் சம்பளமில்லாமல் அரைத்துக் கொடுக்க ஆள் இருக்கிறது. மாணவர்களோடு ஐஸ்கிரீம் கப்பை விளிம்பு வரை மண்ணில் புதைத்து வைத்து மறுநாள் விழுந்ததை எண்ணுவோம். சுத்தமாகக் கூட்டிய மைதானத்து ஓரக் கப்பில் எறும்புதான் கிடைக்கும், ரயில்வே குவார்ட்டர்ஸ் தூங்குமூஞ்சி மரத்தடிச் சருகில் வைத்த கப்பில் ரயில்பூச்சி, வண்டு, சிலந்தி, தேரை எல்லாம் வந்திருக்கும். அதற்காக, ரயில்பூச்சி நிறைய இருந்தால் மண் சுத்தம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஈயம், காட்மியம் மாதிரி உலோகங்களை இவை உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு உயிரோடு இருக்கக் கூடியவை. தொழிற்சாலைகள் நிறைந்த மணலி, எண்ணூர் பக்கத்து மண்ணில் இவை உலாவுவதை வைத்து அங்கே எல்லாம் நலம் என்று சொல்லிவிட முடியாது. ஈரமும் மக்கும் இலையும் இருக்கிறது, அவ்வளவுதான் சேதி.

சரி, மருந்து. அடிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், புண்ணியம் பாவம் பார்த்துச் சொல்லவில்லை. வீட்டுக்குள் அடிக்கும் மருந்துகள் பெரும்பாலும் பைரித்ராய்டு என்ற பூச்சிக்கொல்லி வகை, கடையில் விற்கும் பூச்சி சாக்பீஸிலும் அதுதான். உள்ளே இருக்கும் நாற்பதைக் கொல்லும், மறுநாள் வெளி மண்ணிலிருந்து அடுத்த நாற்பது வரும், ஏனென்றால் வரக் காரணமான ஈரம் அப்படியே இருக்கிறது. நடுவில் தரையில் விளையாடி எல்லாவற்றையும் வாயில் வைக்கும் வயதில் ஒரு பையன். அந்த மருந்து மழைத் தண்ணீரோடு கொடுங்கையூர் கால்வாய், அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் என்று போனால் எண்ணூர் கழிமுகத்து மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம், அங்கே ஏற்கெனவே தாங்க முடியாத அளவு இருக்கிறது. பிளீச்சிங் பவுடர் கோடு போட்டால் கொஞ்ச நேரம் தாண்டாது, ஒரு மழைக்குக் கரைந்துவிடும். உப்புப் போடவே போடாதீர்கள், மண்ணும் சுவரும்தான் கெடும்.

பயன் தருவது சாதாரண வேலைகள்தான். வெளிச்சுவரை ஒட்டி இருக்கும் சருகு, பழைய பலகை, செங்கல் அடுக்கு, நனைந்த அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள், இதைச் செய்தாலே பாதிக்கு மேல் குறையும். வாசல் கதவுக்குக் கீழே ரப்பர் பட்டை அடியுங்கள், குழாய் நுழையும் ஓட்டையைச் சிமெண்டால் அடையுங்கள், பாத்ரூம் வடிகாலுக்குச் சல்லடை மூடி போடுங்கள், இரவில் பாத்ரூம் தரையைத் துடைத்துக் காய விடுங்கள். வீட்டு உரிமையாளர் மருந்துக்காரருக்குக் கொடுக்க நினைக்கும் பணத்தைச் சுவரோரம் தண்ணீர் தேங்காமல் ஒரு சிமெண்ட் சரிவு போடச் செலவழிக்கச் சொல்லிப் பாருங்கள், கேட்பாரா தெரியாது. அப்புறம் ராத்திரி வெளியே சுவரோரம் ஒரு நனைத்த கோணிச்சாக்கை மடித்துப் போடுங்கள். காலையில் புரட்டினால் அடியில் கூட்டமாக இருக்கும், அப்படியே தூக்கிக் கொண்டுபோய் மரத்தடியில் உதறலாம். உள்ளே வந்ததை அள்ளத் துடைப்பமும் முறமும் போதும், நசுக்காமல் அள்ளினால் வாடையும் இல்லை கறையும் இல்லை.

மாடியில் தொட்டி வைத்திருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வளர்ந்த செடிக்கு இதனால் ஒன்றும் ஆகாது, வேர் அழுகிய செடியில் ரயில்பூச்சியைப் பார்த்துவிட்டு அதுதான் தின்றது என்று நினைப்பது வழக்கம், பெரும்பாலும் செடி முன்பே அழுகியிருக்கும், இது பின்னால் வந்திருக்கும். முளைத்த நாற்று மட்டும் விதிவிலக்கு. மென்மையான தண்டைக் கடிப்பதுண்டு, தரையைத் தொடும் பழத்தில் ஓட்டை போடுவதுண்டு, ஆப்பிரிக்காவில் நிலக்கடலையையும் சர்க்கரைவள்ளியையும் சேதப்படுத்தும் இனங்கள் இருக்கின்றன. ஆகவே கீரை விதைத்த தொட்டியிலிருந்து மட்டும் பொறுக்கி எடுத்து, இலை மக்க வைத்திருக்கும் தொட்டியில் போட்டுவிடுங்கள்.

பெருகிக்கொண்டே போகுமா என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். புதிய நாட்டில் போய் இறங்கிய இனம் சில சமயம் கட்டுக்கடங்காமல் போவது உண்மை, போர்ச்சுகல் பக்கத்து ரயில்பூச்சி ஒன்று 1953 வாக்கில் தெற்கு ஆஸ்திரேலியாவில் தெரியத் தொடங்கி இன்று அங்கே வீடு வீடாகத் தொல்லை. மத்திய ஜப்பானின் மலைகளில் எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரே இனம் லட்சக்கணக்கில் வெளியே வந்து தண்டவாளத்தை மூடி ரயிலையே நிறுத்தியிருக்கிறது. நம் ஊரில் நடப்பது அந்த மாதிரி இல்லை. இங்கே இதைத் தின்னவும் ஆள் உண்டு, தேரை தின்னும், ரயில்பூச்சியையே குறிவைத்து வேட்டையாடும் கொலைகாரப் பூச்சி வகை ஒன்று உறிஞ்சி எடுத்துவிடும். ஒரு வருஷம் கூடுதலாக, ஒரு வருஷம் குறைவாக இருப்பது மழையைப் பொறுத்தது. மார்கழி பாதியில் மழை நின்று தரை காயத் தொடங்கினால் பொங்கலுக்குள் உங்கள் பாத்ரூமில் தேடினாலும் கிடைக்காது. அதுவரை பையன் கையில் எடுத்தால் பதறிக் கத்தாமல் கீழே விடச் சொல்லி, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள், கண்ணில் மட்டும் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.